ஒரு வரிதான், ஐயா

அவரிடமிருந்து நூல் பெற்றவர்கள் அனைவருக்கும் ஒன்று தெரிந்திருந்தது. என்றாவது ஒருநாள் அவர் திரும்பி வருவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, "அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஒரு வரிதான். மாத்திட்டுப் போயிர்றேன்" என்பார். நூல் அச்சாகி மூன்றாண்டுகள் ஆகியிருக்கும். வாங்கியவர் அதை எங்கே வைத்தோம் என்பதையே மறந்திருப்பார். அவர் மறந்திருக்க மாட்டார். எந்தப் படி யாரிடம் போனது என்பதை ஒரு பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். திருத்தம் நேரும்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்து, ஈப்போவிலிருந்து ஒரு பக்கம் சிம்பாங் பூலாய் வரைக்கும் மறுபக்கம் கமுந்திங் வரைக்கும் வீடு வீடாகச் சென்று, பழைய வரியை அடித்து, அதன் மேலே புதிய வரியை எழுதிவிட்டு வருவார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பின்னரும் இம்மாநிலத்தில் வெளிவந்த கவிதை நூல்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை என் அணிந்துரையோடுதான் வெளிவந்தன. அச்சாகிவிட்ட நூலின் பின்னால் இப்படி அலைந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எழுத்துப் பிழைகளைத்தான் திருத்துகிறார் என்று முதலில் எண்ணினேன். அவை அவருடைய நூல்களில் நிறையவே உண்டு. சுட்டிக்காட்டினால், "அது கெடக்கட்டும் ஐயா, படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்று சொல்லிவிடுவார். அவர் தேடிச் சென்று திருத்தியவை, நடந்ததற்கு மாறாகத் தாம் எழுதிவிட்ட வரிகள் மட்டுமே.

என் படியைத் திருத்த அவர் முதன்முதலாக வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய தந்தை கோலா கங்சாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாம்பு தீண்டி இறந்தார். இரண்டாம் தொகுப்பில் அந்த மரணத்தைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அவர் எழுதியவற்றில் தலைசிறந்தது அதுவே என்று நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். 'துரையின் லாரி கொட்டகையில் தூங்கியது, அப்பா முற்றத்தில் தூங்கினார்' என்று அது முடியும். அந்த முடிவைத்தான் அவர் என் மேசையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது? அந்தக் கவிதைக்கு உயிரே அந்த ரெண்டு வரிதானே?" என்றேன்.

"ஆமாங்கய்யா. ஆனா லாரி வந்துச்சாம்."

அத்தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிய முதியவரை அவர் அண்மையில் மருத்துவமனை ஒன்றில் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார். லாரியைத் தர யாரும் மறுக்கவில்லை என்றும், அன்றைய மழையில் பாலம் மூழ்கிவிட்டதால் வண்டி சுற்றிக்கொண்டு வர நேர்ந்தது என்றும், வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்றும் கிராணி சொல்லியிருக்கிறார். அதை நம்பாமல் அந்த லாரி ஓட்டுநரின் தம்பியையும் தேடிச் சென்று கேட்டிருக்கிறார். இருவர் சொன்னதும் ஒத்துப்போயிற்று.

"நாப்பது வருசமா அந்தத் தொரைய மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்திருக்கேன் ஐயா. பத்தாததுக்கு முன்னூறு புத்தகத்துல அச்சடிச்சு வேற திட்டியாச்சு."

"கவிதைக்குள்ள இருக்கிற உண்மை வேற. அது நல்லா இருந்துச்சு. விட்டுருங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா லாரி வந்துச்சே ஐயா."

'லாரி வந்தது, அப்பா அதற்கு முன்னமே போய்விட்டார்' என்று எழுதினார். ஒளிக்காமல் சொல்வதானால், அது மட்டமான வரி. அந்தக் கவிதை அன்றோடு இறந்தது. அவருக்கும் அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். மையை வாயால் ஊதி உலர்த்தி, விரலால் தொட்டுப் பார்த்து, நூலை இரு கைகளாலும் என்னிடம் திருப்பித் தந்தார். அதன்பின் எஞ்சிய வீடுகளுக்குப் போக அவருக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

அவருடைய தொழில் இந்தப் பழக்கத்திற்கு வசதியாக அமைந்திருந்தது. சீனர் ஒருவரின் கடையில் வேலை. சமையல் எரிவாயுத் தோம்புகளை வேனில் ஏற்றி வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, காலித் தோம்பை எடுத்து வரவேண்டும். பல ஆண்டுகள் சுமந்ததில் வலத்தோள் சற்று இறங்கியிருந்தது. என் மனைவிக்கு அவர் கடைசிவரை 'கேஸ் அண்ணே'தான். மற்ற எழுத்தாளர்களை நாங்கள் கூடத்தில் அமர்த்தி வரவேற்போம். அவர் மட்டும் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வருவார். ஆகவே, தம் நூல்கள் எந்த வீட்டில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை, வேறு எந்த எழுத்தாளரும் அறிய விரும்பாத அளவுக்கு, அவர் அறிந்திருந்தார்.

சிம்பாங் பூலாயில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தேவாலயப் பாடற்குழுவை நடத்தியவர், மிகுந்த மரியாதைக்குரியவர். அவர் வீட்டில் நூல் கிடைக்கவில்லை. அலமாரியில் தேடினார்கள், கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். இறுதியில் இவரே தரையைக் காட்டி, "டீச்சர், அங்க இருக்குங்க" என்றிருக்கிறார். குளிர்பெட்டியின் ஒரு கால் குட்டையாக இருந்ததால் நூல் அதன் அடியில் முட்டுக்கொடுக்க வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மையார் கூசிப்போய்விட்டார். இவரோ குளிர்பெட்டியை ஒரு கையால் உயர்த்தி, நூலை உருவி, தூசி தட்டி, பக்கத்தைப் புரட்டி வரியைத் திருத்திவிட்டு, மீண்டும் அதே காலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். இதை அந்த அம்மையாரே பின்னர் என்னிடம் சொன்னார். பின்பு கவிஞரிடமே கேட்டேன்.

"ஏன் மறுபடியும் அங்கயே வச்சீங்க?"

"எடுத்தா ஆடும் ஐயா."

அவர் குரலில் குத்தல் ஏதும் இருந்ததா என்று கூர்ந்து கவனித்தேன். இல்லை. அதுதான் அவரிடம் என்னைத் தொந்தரவு செய்தது. குத்தலுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் நான்.

ஈப்போ பழைய நகரப் பகுதியில் உணவுக்கடை நடத்திய தமிழ் முஸ்லிம் ஒருவர் மட்டும் அவரை எதிர்த்தார். அவர் நூலைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். தேநீர் குடிக்க வருகிறவர்களுக்குச் சில வரிகளைச் சொல்லியும் காட்டுவார். தோட்டம் விற்கப்பட்ட நாளில் கோயில் மணி தானே ஒலித்தது என்று ஒரு கவிதையில் வரும். அதைத் திருத்த இவர் போனபோது நானும் அங்கே அமர்ந்திருந்தேன்.

"மணி அடிக்கல பாய். அப்ப மணிக்கு நாக்கே இல்லியாம். யாரோ கழட்டி வித்துட்டாங்களாம். மூணு பேருகிட்ட கேட்டுட்டேன்."

"அடிக்கலன்னா எனக்கென்ன? எனக்கு அடிச்சிருச்சுலா. எத்தன பேருகிட்ட சொல்லிருப்பேன். இப்ப வந்து நாக்கு இல்லங்குறீங்க."

"இல்ல பாய், பொய்யாப் போச்சேன்னு…"

"நாக்கு இருக்கிற மணிய எவன் வேணா அடிப்பான் கவிஞரே. பேனாவ உள்ள வைங்க. டீ ஆறுது."

அவர் பேனாவை மூடினார். "சரி பாய். ஒங்களுது ஒண்ணு மட்டும் பொய் சொல்லட்டும்" என்றார். பின் குறிப்பேட்டை எடுத்து, கடைக்காரரின் பெயருக்கு நேராக 'சம்மதிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார். அவருக்கு ஒரு நெறி இருந்தது. படி யாருடையதோ அவர் இசைந்தால்தான் அதில் கை வைப்பார். அந்த உணவுக்கடைக்காரர் நூலை முழுவதும் படித்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். நான் அப்போது பாதிதான் படித்திருந்தேன்.

தம் மூன்று நூல்களையும் அவர் சொந்தச் செலவில் அச்சிட்டார். எதற்கும் வெளியீட்டு விழா வைக்கவில்லை. நம் நாட்டில் நூல் என்றால் விழா உண்டு. பிரமுகர் ஒருவர் முதற்படியைப் பெறுவார், மாலை விழும், மறுநாள் நாளிதழில் படம் வரும். எங்கள் இலக்கிய வட்டத்தின் சார்பில் விழாவை நடத்தித் தருவதாக நானே முன்வந்தேன். அவர் மறுத்தார்.

"விழா வச்சா யார் யாரோ வாங்கிட்டுப் போயிருவாங்க ஐயா. பேரு, வீடு தெரியாட்டி நான் எங்கன்னு போயித் தேடுறது?"

இதைத் தற்பெருமை என்று எங்கள் வட்டத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இனி, என் பங்கிற்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றி எழுத இயலாது.

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் ஒரு கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கவிதை வகுப்பு நடத்தி வந்தேன். ஒரு ஞாயிறன்று தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கிய ஓர் இளைஞர் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த தாள். வாங்கிப் படித்தேன். தோட்ட வீடுகளுக்கு வரும் தண்ணீர்க் குழாயை நிர்வாகம் அடைத்துவிட்டதைப் பற்றி எழுதியிருந்தார். எந்த வரிசை வீடுகள், எத்தனை நாளாக, எத்தனை குழந்தைகள் என்று எல்லாம் இருந்தன. அதை வகுப்பு முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, "இது கவிதையில்ல, புகார்க் கடிதம். இத இங்க கொண்டாந்து என்ன பண்ண? தொழிற்சங்கத்துல கொண்டுபோயிக் குடுங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் தாளை வாங்கி மடித்துக்கொண்டு, "எத்தன மணிக்குத் தொறப்பாங்க ஐயா?" என்று கேட்டார். மீண்டும் சிரிப்பு. அவர் படியிறங்கிப் போனார். அதன்பின் வரவில்லை.

இந்நிகழ்ச்சியை நான் மறந்தே போயிருந்தேன். பல்லாண்டுகள் கழித்து, எங்கள் சமையலறையில் தோம்பை மாற்றிக்கொண்டே அவர்தான் நினைவூட்டினார்.

"ஒரு நாள் ஒங்க வகுப்புக்கு வந்திருக்கேன் ஐயா. நீங்க சொன்ன மாரியே சங்கத்துல கொண்டுபோயிக் குடுத்தேன். ரெண்டு வாரத்துல தண்ணி வந்துருச்சு."

அவர் நன்றியோடுதான் சொன்னார். நான் தலையசைத்தேன். என் மனைவி, "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாள். அவள் வேறென்ன சொல்வாள்?

மூன்றாம் நூலுக்கு அணிந்துரை கேட்டு அவர் வந்தது அவருடைய விருப்பத்தால் அன்று. மனைவியோடு வந்திருந்தார், அந்த அம்மையார்தாம் பேசினார்.

"படிச்சவங்க ஒருத்தரு நாலு வரி எழுதிக் குடுத்தா, பள்ளிக்கூடத்துலயாவது வாங்கி வைப்பாங்க ஐயா. இவரு கேக்கக் கூச்சப்படுறாரு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எழுதித் தருவதாகச் சொன்னேன். அறுபது கவிதைகளில் ஒன்பதைப் படித்தேன். ஒரே பிற்பகலில் எழுதி முடித்தேன். அதில் ஒரு வரி: 'என் ஞாயிற்று வகுப்பில் அமர்ந்து கவிதையின் நுட்பங்களைக் கற்றுத் தேறிய என் அன்பு மாணவர் இவர்.'

என் மற்ற அணிந்துரைகளிலும் இதைப் போன்ற வரி உண்டு. பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது. பழக்கத்தால் கை எழுதிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அப்படியில்லை. எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுமுறை படித்தபோதும் கண்ணில் பட்டது. நீக்கவில்லை. என் வகுப்பிலிருந்து உருவானவர்கள் என்று நான் சொல்லிக்கொண்டவர்களுள் ஒருவரும் இந்த ஒன்பது கவிதைகளுக்கு ஈடான ஒன்றை எழுதியதில்லை. அதுதான் காரணம்.

பெரியவர் எழுதித் தந்த அணிந்துரையில் யாரும் கை வைப்பதில்லை. அது அப்படியே அச்சாயிற்று.

யாரும் எதிர்பாராத வகையில் அந்த நூல் பேசப்பட்டது. பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் அதிலிருந்து இரண்டு கவிதைகளை மாணவர்களுக்குப் பாடமாக்கினார். கட்டுரைகள் வந்தன. கட்டுரைதோறும் என் பெயரும் இருந்தது, அந்த வரியை மேற்கோளாகக் கொண்டு. ஓராண்டு கழித்து, தலைநகரிலுள்ள ஓர் அமைப்பு, கவிஞர்களை உருவாக்கிய ஆசான் என்று எனக்குப் பாராட்டு விழா எடுக்க முன்வந்தது. அழைப்பிதழில் என் மாணவர்கள் என்று அச்சிட்ட பெயர்களில் முதலாவது அவருடையது.

விழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், காலை பத்து மணியளவில் வந்தார். இதய நோய் காரணமாகத் தோம்பு தூக்குவதை விட்டிருந்த காலம் அது. முதன்முறையாக முன்வாசல் வழியாக வந்தார். கூடத்தில் அமரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு வரிதான், ஐயா."

எது என்று நான் கேட்கவில்லை.

"அது ஒங்க வரி. நீங்க கையெழுத்துப் போட்டது. நான் தொடக் கூடாது. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நானே எல்லா வீட்டுக்கும் போயி அடிச்சிட்டு வந்துருவேன். ஒங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு முன்னூறு வீடு ஏறி எறங்கப் போறீங்களா?"

"பஸ்ஸு இருக்கே ஐயா."

"என்ன எழுதுவீங்க?"

"ஒரு நாள் வந்தாருன்னு. அவ்ளோதான். நீங்க சொன்னத எல்லாம் எழுத மாட்டேன்."

என் கோபம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு நான் சொன்னதால்தானே ஒங்களுக்கு ஒரு வழி பொறந்துச்சு? தண்ணி வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நான் ஒண்ணுமே கத்துக் குடுக்கலையா?" என்றேன்.

அவர் எதையும் எடைபோட்டுத்தான் சொல்வார்.

"ஒருத்தரு தொரத்திவிட்டாரு, அதுல ஓடக் கத்துக்கிட்டேன்னு நான் சொல்லலாம் ஐயா. ஓடக் கத்துக் குடுத்தேன்னு அவரு சொல்லக் கூடாதுல்ல."

வெளியே குப்பை வண்டி நின்று போகும் ஓசை கேட்டது. நான் அழைப்பிதழைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இருநூறு பேருக்கு அனுப்பியாயிற்று.

"அடுத்த பதிப்புல பாத்துக்குவோம்" என்றேன்.

சொந்தக் காசில் அச்சிட்ட தமிழ்க் கவிதை நூலுக்கு இந்நாட்டில் அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்ததாக நான் அறியேன். அவரும் அறியார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பின் பேனாவை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைத் தாமே சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். "கேஸு ரெகுலேட்டரு பழசாயிருச்சுக்கா, மாத்திருங்க" என்று என் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

பாராட்டு விழாவுக்கு அவர் வந்தார். வராமலிருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். அறிவிப்பாளர், எங்கள் வட்டத்தின் செயலாளரே அவர், முன்கூட்டிச் சொல்லாமல் கவிஞரை மேடைக்கு அழைத்து, எனக்கு மாலை அணிவிக்கச் சொன்னார். அணிவித்தார். என் சட்டைக் கழுத்தில் சிக்கிய மாலை நாரை விடுவித்து ஒழுங்குபடுத்தினார். "ஆசானைப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க கவிஞரே" என்று ஒலிவாங்கியை அவர்முன் நகர்த்தினார் செயலாளர்.

இருநூறு பேர் அமர்ந்திருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 

"ஐயாவோட வகுப்புக்கு நான் வந்திருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான். வணங்கிவிட்டு இறங்கினார். அரங்கம் கைதட்டியது. அவர் எவ்வளவு கவனமாக அந்த வாக்கியத்தை அமைத்திருந்தார் என்பது அந்த அரங்கில் எனக்கு மட்டுமே தெரியும். பொய் ஒரு சொல்லும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கும் சொல்லும் இல்லை. கல்லூரியில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் கற்பித்த நடைச் சிக்கனத்தை அன்றுதான் நேரில் கண்டேன்.

அதன்பின் அவர் என் வீட்டிற்கு வரவில்லை. என் வீட்டிலிருந்த படிகளில் அவருக்குத் திருத்த வேறு ஏதும் இருந்திருக்கலாம், தெரியவில்லை. எட்டு மாதங்களில் இறந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு பிற்பகல் எங்கள் வட்டம் நினைவுக் கூட்டம் நடத்தியது. இம்முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியாகத் தீர்மானித்துக்கொண்டு போனேன். மூன்று நாட்கள் என் உரையை எழுதினேன். எழுதி எழுதிச் செப்பம் செய்தேன். என் முறை வந்ததும் எழுந்து, நிமிர்ந்து நின்று இவ்வாறு சொன்னேன்:

"இவரை என் மாணவர் என்று எழுதினேன். அது பிழை. இவர் என் மாணவர் அல்லர். வாழ்க்கை என்னும் வகுப்பறையில் இவரே ஆசான், நானே மாணவன்."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இதுதாங்க ஐயா. எத்தன பேர உருவாக்கினவரு. தன்கிட்ட படிச்ச மாணவரையே பாத்து, நீதான் எனக்கு ஆசான்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். அந்தப் பெருந்தன்மைய நம்மளுக்கும் கத்துக் குடுத்துட்டாரு."

என் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கணத்தில் நான் எழுந்து, 'இல்லை, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. சொல்லியாயிற்று, அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் மீஹூன் தட்டுகளை எடுக்க வரிசையில் நின்றபோது, அவர் மனைவி என் நாற்காலிக்கு அருகில் வந்தார். வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்.

"ஐயா, மேடையில சொன்னீங்களே. அது மரியாதைக்குச் சொன்னதா? இல்ல நெசமா?"

"நெசம்தாம்மா."

"ஒங்ககிட்ட படிக்கவே இல்லீங்களா?"

"ஒரு நாள் வந்தாரு. எழுதிக் கொண்டாந்தத எல்லாரு முன்னாடியும் படிச்சு, கவிதையே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் அவரு வரல."

அந்த அம்மையார் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மொதப் பக்கத்தப் படிச்சிட்டு நான் கேட்டேன் ஐயா, இம்புட்டுப் பெரியவருகிட்ட படிச்சத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு. ஒண்ணும் பேசாம தண்ணி குடிக்கப் போயிட்டாரு. நான்தான் எங்க தாமான் வீடுங்க பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு சும்மா ஆளு இல்ல, ஐயாவோட மாணவருன்னு. காதுல விழும்போதெல்லாம் எழுந்து போயிருவாரு. வெக்கப்படுறாருன்னு நெனச்சேன்."

 மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது என்று இப்போது தெரிகிறது. அப்போது என் தோளிலிருந்த பொன்னாடை நழுவியது, அதைச் சரிசெய்தேன்.

"அப்ப அவருக்கு யாருதான் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. அவராக் கத்துக்கிட்டாரு."

"இப்ப எங்கிட்ட சொன்னீங்கல்ல. இத இப்படியே அங்க சொல்லிருக்கலாமே ஐயா. ஏன் ஜோடிச்சீங்க?"

கேட்டுவிட்டு அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பிறகு யாரோ அழைக்க, உணவு மேசைப் பக்கம் போய்விட்டார். மேடையில் ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே நாளிதழில் செய்தி வந்தது, என் படத்தோடு. தலைப்பில் 'தன்னடக்கம்' என்ற சொல் இருந்தது. அதை மறுத்து ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தை, ஐயா மேலும் அடக்கம் காட்டுகிறார் என்ற முன்குறிப்போடு மறுவாரம் வெளியிட்டார்கள். அதன்பின் இரண்டு சங்கங்கள் என்னைத் தலைமை தாங்க அழைத்தன. ஒன்றுக்குப் போனேன்.

அவர் மனைவிக்கு அன்று நான் சொல்லாத பதில் இதுதான். ஜோடிக்காமல் எனக்குப் பேசத் தெரியாது. ஐம்பது ஆண்டுகள் அதைத்தான் கற்றேன், அதைத்தான் கற்பித்தேன். என்றாலும், அந்த அம்மையார் கேட்டபடி, கேட்ட அளவில், ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

அவர் என் மாணவர் இல்லை. ஒரு நாள் வந்தார். நான் சிரித்து அனுப்பினேன். பிறகு பொய் எழுதினேன். திருத்தச் சொல்லிக் கேட்டார். மறுத்தேன்.